பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில இலக்கியம்: கோபி பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கிற கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது சாயங்காலமானால் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளைகள், மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள், பனியன் கம்பெனி வண்டியில் திருப்பூர் போய் வருகிற அம்மாக்களின் பிள்ளைகள். வருஷம் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. 2019-ல் வந்த மாநிலப் பாடத்திட்டப் புத்தகத்தை வைத்து, அடிக்கடி வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஏனுங்க டீச்சர், எங்களுக்கு இங்கிலீசே தெரியாதுங்க. வீட்ல புள்ளைக்கு எப்படிச் சொல்லித் தர்றது?

சொல்லித் தர வேண்டாம், கதை கேளுங்கள், போதும். ராத்திரி சாப்பிடும்போது, "இன்னைக்கு என்ன பாடம் கண்ணு, கதையைச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் சொல்லட்டும்.

பாடப்புத்தகத்தில் டால்ஸ்டாய் கதை ஒன்று இருக்கிறது. அக்சியோனோவ் என்ற வியாபாரி சந்தைக்குக் கிளம்புகிறான். அவன் தலை நரைத்துத் திரும்பி வருவதாகக் கனவு கண்டேன், போகாதே என்கிறாள் மனைவி. அவன் சிரித்துவிட்டுப் போகிறான். வழியில் சத்திரத்தில் ஒரு கொலை நடக்கிறது. ரத்தக்கறைபட்ட கத்தி இவன் பையில் இருக்கிறது. செய்யாத கொலைக்கு 26 வருஷம் சைபீரியாவில் கிடக்கிறான். அப்புறம் அதே சிறைக்கு உண்மையான கொலைகாரன் மகர் செமியோனிச் வந்து சேர்கிறான். அவன் தப்பிக்கச் சுரங்கம் தோண்டுவதைப் பார்த்தும் இவன் காட்டிக்கொடுக்கவில்லை.

தறி ஓட்டுகிற அப்பா ஒருவர் இந்தக் கதையை மகளிடம் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டாராம். "அந்தக் கனவு பலிச்சுதா?" "அவனை ஏன் காட்டிக்கொடுக்கல?" மறுநாள் அவள் அதை வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முதல் கேள்விக்கான பதில்தான் நாங்கள் வகுப்பில் 'ஃபோர்ஷேடோயிங்' (பின்னால் நடக்கப்போவதை முன்பே கோடிகாட்டுவது) என்று அரைமணி நேரம் நடத்துவது. இரண்டாவது கேள்வி ஐந்து மதிப்பெண் பத்திக்கே உரியது. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர்.

பாட்டைத் தமிழில் புரிந்துகொண்டால் இங்கிலீஷ் கெட்டுப் போகாதா? எங்கள் பள்ளியில் தமிழில் பேசினாலே அபராதம்.

கெடாது. புரியாததை இங்கிலீஷிலேயே புரியாமல் வைத்துக்கொள்வதில் என்ன லாபம்?

எட்வின் மியூரின் 'தி காஸில்' பாட்டை எடுத்துக்கொள்வோம். வீரர்கள் கோட்டை மதில் மேல் சாய்ந்துகொண்டு, வயலில் புல் அறுப்பவர்களை வேடிக்கை பார்க்கிறார்கள். பகைவன் அரை மைல் தூரத்தில்தான் இருக்கிறான். இவர்களுக்குப் பயமில்லை. மதில் உயரம், சாப்பாடும் ஆயுதமும் நிறைய, துணைக்கு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு சின்னத் திட்டிவாசல். அதைக் காக்கிற கிழவன் காசு வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிடுகிறான். கோட்டை போயிற்று.

இதை நடத்தும்போது நான் நேரடியாக மியூரில் தொடங்குவதில்லை. "சங்ககிரி மலைக் கோட்டைக்கு எத்தனை பேர் ஏறியிருக்கிறீர்கள்?" என்று கேட்பேன். பாதிக் கைகள் உயரும். "கீழே இருந்து சண்டை போட்டு அதைப் பிடிக்க முடியுமா?" ஒரு பையன் சொன்னான்: "முடியாதுங்க மிஸ். உள்ளே இருக்கிறவன் கதவைத் திறந்தாத்தான் ஆச்சு." பாட்டு முடிந்தது! இனி வார்த்தைகள்தான் பாக்கி.

அடுத்து தீரன் சின்னமலை பேச்சு தானாக வரும். 1805-ல் அவரைச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள் என்பதும், சமையல்காரனே காட்டிக்கொடுத்தான் என்று சொல்லப்படுவதும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பால் குடிக்கும்போதே தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை. சின்னமலை பிடிபட்டது சங்ககிரிக் கோட்டைக்குள் இல்லை; பிடித்த பிறகுதான் அங்கே கொண்டுவந்தார்கள். ஆகவே பாட்டுக்கும் அந்தக் கதைக்கும் ஒப்புமை கோட்டையில் இல்லை, காட்டிக்கொடுப்பதில் இருக்கிறது. விடைத்தாளில் சின்னமலையை எழுதிவிடவும் கூடாது. ஒரு பையன் முக்கால் பக்கம், சின்னமலை கோட்டை கட்டியிருந்த ஓடாநிலையின் வரலாறு எழுதிவிட்டு, மியூர் பெயரை விட்டுவிட்டான்.

தமிழில் கதை பிடிபட்டதும், அதை நான்கு தமிழ் வாக்கியமாக எழுதச் சொல்வேன். பிறகு அந்த நான்கையும் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக. கடைசியில் பாட்டிலிருந்தே நான்கு வார்த்தை எடுத்து உள்ளே வைக்க வேண்டும்: டர்ரெட் (கோட்டைக் கோபுரம்), அலைஸ் (துணைக்கு வருகிறவர்கள்), விக்கெட் கேட் (திட்டிவாசல்), வார்டர் (காவலன்). எட்டு வரி பத்தி தயார். அது அவனுடைய பத்தி.

கைடு வாங்க வேண்டாமா?

வாங்குங்கள். கடைசியில் திறவுங்கள், அவ்வளவுதான்.

கைடை முதலில் திறந்த பெண் ஒருத்தி அரையாண்டுத் தேர்வில் டென்னிசனின் 'யூலிஸஸ்' பாட்டைப் பற்றிய பத்தியை எழுதினாள். முதல் நான்கு வரி அச்சில் வார்த்த மாதிரி. ஐந்தாவது வரியில் ஒரு பெரிய வார்த்தை ஞாபகம் வரவில்லை. பேனா நின்றது. மீதிப் பக்கம் வெள்ளை. தறியில் இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போட்டுத்தான் ஓட்டுவார்கள். முடிச்சுப் போடத் தெரியாதவருக்குத் தறி நின்றது நின்றதுதான். அவளுக்குக் கதை தெரியும். வாயால் கேட்டால் கடகடவென்று சொன்னாள். எழுதும்போது மட்டும் அது தன் சொத்து இல்லை என்ற நினைப்பு.

நீங்களே எழுதி முடித்த பிறகு கைடைப் பாருங்கள். விட்டுப்போன கருத்து ஒன்றிரண்டு கிடைக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள், வாக்கியத்தை எடுக்காதீர்கள்.

தேர்வில் பாட்டுக்கு மட்டும் எத்தனை மதிப்பெண்?

எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அந்த 90 என்பது ஒரு மதிப்பெண் 20, இரண்டு மதிப்பெண் கேள்வி ஏழு, மூன்று மதிப்பெண் ஏழு, ஐந்து மதிப்பெண் ஏழு. பாட்டு வரி கொடுத்துக் கேட்கிற இரண்டு மதிப்பெண் கேள்விகளில் நான்கு எழுத வேண்டும், அது 8. ஈ.ஆர்.சி., அதாவது பாட்டு வரியை இடஞ்சுட்டி விளக்குகிற மூன்று மதிப்பெண் கேள்வி (Explain with Reference to the Context), இரண்டு, அது 6. பத்தி ஒன்று, 5. ஆக 19. ஆறே ஆறு பாட்டு படித்தால் 19 மதிப்பெண். இலக்கணத்துக்கு இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

ஈ.ஆர்.சி. எழுதத் தெரியவில்லை. என்ன எழுதினாலும் ஒன்றரைதான் போடுகிறார்கள்.

வரியைக் கொடுத்து 'இடஞ்சுட்டி விளக்குக' என்று தமிழ்த் தேர்வில் கேட்பார்களே, அதேதான். தமிழில் இடம், பொருள், விளக்கம் என்று எழுதுகிற பிள்ளை இங்கிலீஷில் மட்டும் ஏன் தடுமாற வேண்டும்? எந்தப் பாட்டு, யார் எழுதியது. யார், எந்தச் சூழலில் சொல்கிறார். அப்புறம் வரியின் பொருள். ஒன்றரை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவதில் வழுக்குகிறார்கள். பாட்டு முழுவதின் சுருக்கத்தையும் எழுதிவிட்டு, கொடுத்த வரியைத் தொடாமல் விட்டுவிடுவார்கள்.

டென்னிசனின் 'யூலிஸஸ்' பாட்டில், வாழ்க்கையை 'லீஸ்' வரைக்கும் குடிப்பேன் என்று கிழ ராஜா சொல்கிற வரி அடிக்கடி வரும். 'லீஸ்' என்றால் என்ன? "முழுசா என்ஜாய் பண்றது மிஸ்" என்பார்கள். கைடிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். நான் கடுங்காப்பி டம்ளரைக் கையில் கொடுத்து அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பேன். மண்டி. திராட்சை ரசத்தின் அடியில் தங்குகிற மண்டிக்குத்தான் லீஸ் என்று பெயர். மண்டி கசக்கும். அதையும் சேர்த்துக் குடிப்பேன் என்கிறான். அதனால்தான் அதே மூச்சில், மிகவும் அனுபவித்தேன், மிகவும் துன்பமும் பட்டேன் என்று இரண்டையும் சொல்கிறான். இன்பத்தை மட்டும் எழுதினால் பாதிப் பொருள்தான். ஒன்றரை மதிப்பெண் எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறதா?

நேரமிருந்தால் இன்னொன்றும் சொல்வேன். டென்னிசன் இதை 1833-ல், நெருங்கிய நண்பர் ஆர்தர் ஹாலம் இறந்த செய்தி வந்த பிறகு எழுதினார். அச்சில் வந்தது 1842-ல். எழுதும்போது அவருக்கு 24 வயது. கிழவன் குரலில் பேசுகிறது ஒரு இளைஞனின் துக்கம். இது தேர்வுக்கு வராது. ஆனால் இதைக் கேட்ட பிள்ளைகள் கடைசி வரியைத் தப்பாகச் சொல்வதில்லை.

ரைம் ஸ்கீம், அலிட்டரேஷன் எல்லாம் குழப்பமாக இருக்கிறது.

தமிழ் ஐயா நடத்தியதை இங்கே கொண்டுவாருங்கள். முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை. 'விக்கெட் விக்கெட் கேட்' என்று காதில் விழுகிறதே, மியூர் பாட்டில் பொல்லாத என்ற பொருளுள்ள 'விக்கட்' சொல்லும் திட்டிவாசலின் 'விக்கெட்' சொல்லும் அடுத்தடுத்து நிற்பது, அது அலிட்டரேஷன். அடுத்து வருகிற கிழவனுக்கும் 'விஸன்ட் வார்டர்' (வற்றிச் சுருங்கிய காவலன்) என்று மோனை வைத்திருக்கிறார்.

ரைம் என்றதும் எதுகை என்று எழுதுகிறவர்கள் கவனிக்க. எதுகை இரண்டாம் எழுத்து. அடிகளின் கடைசியில் ஓசை ஒன்றுவது இயைபு. ரைம் ஸ்கீம் என்பது இயைபுக் கணக்கு. 'தி காஸில்' முதல் பத்தியின் அடிகள் 'லே, வால், ஹே, அவே, ஆல்' என்று முடிகின்றன. முதல் ஓசைக்கு ஏ, அடுத்த புது ஓசைக்கு பி. எழுதிப் பார்த்தால் ஏ பி ஏ ஏ பி. எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாய்விட்டுச் சொல்லிக் காதால் முடிவு செய்யுங்கள்.

சிமிலி உவமை, மெட்டஃபர் உருவகம். 'லைக்', 'ஆஸ்' இருந்தால் உவமை. 'போல' இருந்தால் உவமை என்று ஆறாம் வகுப்பிலேயே படித்ததுதான்.

ஷேக்ஸ்பியர் இங்கிலீஷ் எங்களுக்கு எங்கே புரியப் போகிறது?

நானூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ். 1616-ல் அவர் இறந்துவிட்டார். லண்டன் பிள்ளைகளுக்கும் அடிக்குறிப்பு இல்லாமல் புரியாது. ஆகவே கூச்சப்பட வேண்டாம்.

'ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' பாட்டை நான் நடத்துவதில்லை, நடிக்க விடுகிறேன். ஏழு பிள்ளைகள் திண்ணையில் வரிசையாக நிற்க வேண்டும். குழந்தை, நத்தை மாதிரி பள்ளிக்கூடம் போகிறவன், உலைத் துருத்தி மாதிரி பெருமூச்சு விடுகிற காதலன் (இதற்குத்தான் போட்டி, யாரும் வரமாட்டேன் என்பார்கள், எல்லோருக்கும் ஆசை), சிறுத்தை மாதிரி தாடி வைத்த வீரன், தொப்பை நீதிபதி, செருப்பு மாட்டின ஒல்லிக் கிழவன், கடைசியில் மறுபடியும் குழந்தை. 'பார்டு' என்றால் சிறுத்தை என்று சத்தியமங்கலம் காட்டோரப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

நீதிபதியின் தொப்பை எதனால் நிரம்பியது? 'கேப்பன்'. கைடில் 'கோழி' என்று போட்டிருக்கும். அது காயடித்துக் கொழுக்க வைத்த சேவல். இதைச் சொன்னதும் ஒரு பையன், "எங்கப்பாரு சேவல் வளர்க்கிறாருங்க மிஸ், அப்படிச் செஞ்சா சண்டைக்கு ஆகாது, கறிக்குத்தான்" என்றான். நீதிபதிக்கு வந்தது கறிச்சேவல் என்பதை அந்த வகுப்பு மறக்கவே இல்லை. அந்தக் காலத்தில் நீதிபதிகளுக்குக் கேப்பனை லஞ்சமாகக் கொடுப்பது கேலிக்குரிய விஷயமாக இருந்தது. வரியின் குத்தல் அதுதான்.

'சான்ஸ்' என்று கடைசியில் நான்கு தடவை வருகிறது. வாய்ப்பு இல்லை, பிரெஞ்சுச் சொல், 'இல்லாமல்' என்று பொருள். பல் இல்லாமல், கண் இல்லாமல், ருசி இல்லாமல், ஒன்றுமே இல்லாமல்.

இன்னொரு வழக்கமான தப்பு: "ஷேக்ஸ்பியர் வாழ்க்கையை வெறுக்கிறார்" என்று எழுதுவது. பேசுகிறவர் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் வருகிற ஜேக்விஸ் என்ற சலிப்புப் பிடித்த மனுஷன். பாத்திரம் பேசுவதை ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள்.

கவிஞர் வரலாறு படிக்க வேண்டுமா?

பெயரும் நாடும் போதும். ஒருவரைத் தவிர. 'அவர் காஸுவரினா ட்ரீ' எழுதிய தோரு தத் 1856-ல் கல்கத்தாவில் பிறந்து 1877-ல், 21 வயதில் இறந்தார். அதற்கு முன்பே அண்ணனும் அக்காவும் போய்விட்டார்கள். அந்தச் சவுக்கு மரத்தடியில் மூவரும் விளையாடியிருக்கிறார்கள். இது தெரிந்தால்தான், மரத்தின் மேல் மலைப்பாம்பு மாதிரி கொடி சுற்றியிருப்பதும், மரம் அதையும் மாலையாகப் போட்டுக்கொண்டு நிற்பதும், திடீரென்று ஏன் அழுகையாக மாறுகிறது என்று புரியும். "உங்கள் அக்கா வயசு" என்று சொன்னால் பின்வரிசை கூட நிமிர்ந்து உட்காரும்.

உரைநடைப் பாடங்களில் பாயிண்ட் மறந்து போகிறது. நல்ல டீ போடுவது பற்றிய ஜார்ஜ் ஆர்வெல்லின் பாடத்தில் பதினொரு விதி இருக்கிறதே!

பதினொன்றையும் பேக்கரியில் வைத்துப் படியுங்கள். நம் பக்கத்தில் டீ குடிக்கப் பேக்கரிக்குப் போவதுதானே வழக்கம். அண்ணன் டீ போடுவதைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு விதியையும் ஒப்பிடுங்கள். ஆர்வெல் 1946-ல் எழுதியது: இந்திய அல்லது இலங்கைத் தேயிலை வேண்டும், பாத்திரத்தை முன்பே சூடாக்க வேண்டும், டீ கடுமையாக இருக்க வேண்டும், கோப்பையில் டீயை முதலில் ஊற்றிப் பாலை அப்புறம் ஊற்ற வேண்டும், சர்க்கரை கூடவே கூடாது. இதில் எத்தனை நம் பேக்கரியில் மீறப்படுகிறது என்று ஒரு பெண் எண்ணிக்கொண்டு வந்தாள். பாலிலேயே கொதிக்க வைக்கிற டீயைப் பார்த்திருந்தால் அந்த மனுஷன் என்ன சொல்லியிருப்பாரோ. மீறலாக எண்ணினதால் விதிகள் அவளுக்கு ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தன.

படம் பார்த்தால் போதாதா?

'லைஃப் ஆஃப் பை' படம் பாருங்கள், நன்றாக இருக்கும். ஆனால் தேர்வில் கேள்வி, பாடப்புத்தகத்தில் இருக்கிற பகுதியிலிருந்து வரும். பாடத்தில் இல்லாத காட்சியை எழுதினால் மதிப்பெண் வராது.

என்ன படித்தாலும் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது.

திரும்பத் திரும்பப் பார்த்துப் படிப்பதால் வருகிற கோளாறு. கண்ணுக்குப் பழகிவிடுகிறது, தெரிந்த மாதிரி இருக்கிறது, மூடினால் ஒன்றுமில்லை. அதனால் மூடிவிட்டுத் தொடங்குங்கள். புத்தகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, தெரிந்ததை எழுதுங்கள். விட்டதை மட்டும் சிவப்பு மையில் நிரப்புங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து, பத்து நாள் கழித்து. சிவப்பு குறைந்துகொண்டே வர வேண்டும். வராத இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம். மற்றதைத் தொடாதீர்கள்.

பத்தாம் வகுப்பின் மனப்பாடப் பாட்டை மட்டும் வேறு மாதிரி செய்யுங்கள். கடைசி வரியிலிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள். முதல் வரி எல்லோருக்கும் தெரியும். தடுக்குவது கடைசியில்தான்.

பையன் டிப்ளமா முடித்துத் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிறவன். அவனுக்குச் சவுக்கு மரப் பாட்டு எதற்குங்க?

இந்தக் கேள்வியைக் கேட்ட அப்பாவுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. மெயில் அடிக்க இது உதவாது என்பது உண்மை. ஆனால் 'லீஸ்' என்பதற்கு 'என்ஜாய்' என்று எழுதிவிட்டு நகர்கிற பையன், ஆர்டரில் வாடிக்கையாளர் எழுதின ஒரு வார்த்தையையும் அப்படித்தான் தாண்டிப் போவான். அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா, டீச்சர் சொல்கிறாளே என்று விட்டாரா, தெரியவில்லை.

தேர்வு நேரத்தில் ஊரெல்லாம் நோம்பி. எப்படிப் படிப்பது?

பங்குனியில் பண்ணாரி குண்டம், ஈரோட்டுப் பெரிய மாரியம்மன் பண்டிகை, நம் ஊர் மாரியம்மன், எல்லாம் பொதுத்தேர்வோடு சேர்ந்துதான் வரும். மைக்செட்டை நிறுத்த முடியாது. விடியற்காலை நான்கு மணிக்கு மைக் ஓய்ந்திருக்கும்; எழுதுகிற வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் சத்தத்தில் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், யாருக்கும் கேட்காது.

தேர்வு அறையில் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பத்து மணிக்குக் கேள்வித்தாள் கையில் வரும். படித்துப் பார்க்க 10 நிமிடம், விவரம் நிரப்ப 5 நிமிடம், 10.15-க்குத்தான் எழுதலாம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு மதிப்பெண் கேள்விகளைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். நேராகப் பாட்டு வரிகளுக்குப் போங்கள். ஆறில் எந்த நான்கு, ஈ.ஆர்.சி.யில் எந்த இரண்டு என்று முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பாட்டின் பெயரையும் கவிஞர் பெயரையும் மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். பிரவுனிங் பாட்டில், காயம்பட்டுவிட்டாயே என்று நெப்போலியன் கேட்க, இல்லை, செத்துவிட்டேன் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே விழுகிற பையனின் வரி வந்திருந்தால் அதை விடாதீர்கள். பேசுகிறவர் இருவர் என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.